வன்னி மைதானங்களில் புல் நிலைக்காதது ஏன்

மாரி மழை ஓய்ந்து தை பிறக்கும்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் பாடசாலை மைதானங்கள் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கின்றன. பங்குனியில் அவற்றின் நடுப்பகுதி சிவக்கத் தொடங்குகிறது. ஆடி ஆவணியில் சோளகக் காற்று வீசும்போது புழுதி பறக்கும் வெளியாகிவிடுகின்றன. விளிம்புகளில் எஞ்சும் பச்சையிலும் பாதி கோரையும் நெருஞ்சியும் ஒட்டுப்புல்லுமாக இருக்கும். புல்லுக்கு நோய் வந்துவிட்டது என்றோ களை மூடிவிட்டது என்றோ காரணம் சொல்லி, பீடைநாசினிக் கடையில் ஒரு போத்தல் வாங்கி வந்து தெளிப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் நோயும் களையும் புல் ஏற்கெனவே தோற்றுப்போன இடத்திலேயே குடியேறுகின்றன. வன்னியில் புல்லைத் தோற்கடிப்பவை இரண்டு: இறுகிப்போன மண், தவறான காலத்தில் விழும் மிதி. இவ்விரண்டையும் விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் செலவிடும் பணம் அடுத்த மாரிக்குள் வீணாகிவிடுகிறது.

மண்ணிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. வன்னியின் மேட்டு நிலங்களில் பெரும்பகுதி செங்கபில மண். ஈரத்தில் மிருதுவாகவும் காய்ந்தால் கல்லாகவும் இருப்பது அதன் இயல்பு. மேலே ஒரு சாண் அளவுக்கு நல்ல மண்ணும் அதன் கீழே கிறவல் படையும் பல இடங்களில் காணப்படும். இந்த மேல்மண்தான் புல்லுக்கு எல்லாம். போருக்குப் பின், 2009ஆம் ஆண்டைத் தொடர்ந்த மீள்குடியேற்றக் காலத்தில், காடு பற்றிய காணிகளும் சிதைந்த மைதானங்களும் புல்டோசர் கொண்டு அவசரமாகச் சமப்படுத்தப்பட்டன. அவ்வேளையில் மேட்டின் மேல்மண் வழித்தெடுக்கப்பட்டுப் பள்ளத்தில் நிரப்பப்பட்டதால், ஒரே மைதானத்தின் ஒரு பாதி கிறவலாகவும் மறுபாதி ஆழமான மண்ணாகவும் அமைந்துவிட்ட இடங்கள் உண்டு. அங்கே புல் திட்டுத் திட்டாகக் காய்வதைப் பார்ப்பவர்கள் நோய் என்று நினைப்பதில் வியப்பில்லை. காய்ந்த திட்டின் நடுவிலும் அதன் பக்கத்துப் பச்சையிலும் மண்வெட்டியால் ஒவ்வொரு குழி வெட்டி, வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எந்த ஆழத்தில் கிறவல் தட்டுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். நோய்க்கு மருந்து தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதற் சோதனை இதுதான். இதற்குச் செலவே இல்லை.

மன்னார்ப் பக்கம், முருங்கனைச் சூழ்ந்த கரிய களிமண்ணின் கதை வேறு. நனைந்தால் வீங்கி, காய்ந்தால் கை நுழையுமளவுக்கு வெடிக்கும் அந்த மண் துடுப்பாட்ட ஆடுகளம் அமைக்கப் பெயர் பெற்றது. ஆடுகளத்துக்கு இறுக்கம் வேண்டும் என்பதற்காக, அதே மண்ணை வெளிக்களத்தில் பரப்பி உருளையால் அழுத்துவது புல்லின் வேரை நெரிப்பதாகும். ஆடுகளத்தின் தேவையும் வெளிக்களத்தின் தேவையும் நேர் எதிரானவை.

மண் இறுகும்போது மறைவது அதிலுள்ள வெளி. மண்துகள்களுக்கு இடையிலுள்ள பெரிய துளைகள் வழியாகத்தான் மழைநீர் கீழிறங்கவும் வளி வேருக்குச் சேரவும் முடியும். மிதியாலும் சில்லாலும் அவை நசுங்கியபின், மழைக்காலத்தில் நீர் மேலே தேங்கி வேர் மூச்சுத் திணறுகிறது, கோடையில் பாய்ச்சும் நீர் உள்ளே இறங்காமல் ஆவியாகிறது. அறுகு போல் வேரோடி வாழ் என்று வாழ்த்துகிறோம்; வரம்பிலும் குளத்தின் அலைகரையிலும் அறுகு உண்மையில் ஆழமாகவே வேரோடுகிறது. அதே அறுகை இறுகிய மைதானத்தில் கிளப்பிப் பார்த்தால் வேர் இரண்டு மூன்று அங்குலத்துடன் பாய்போலப் படுத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட வேர், மழை நின்ற சில வாரங்களுக்குள் நீரின்றிப் போய்விடும்.

இந்த இறுக்கம் ஏற்படும் காலத்தைக் கவனிப்பது மிக முக்கியம். ஈரமான மண்தான் மிதிபட்டு இறுகும். காய்ந்த மண் அவ்வளவாக இறுகுவதில்லை. வன்னிக்கு ஆண்டில் கிடைக்கும் 1,000 முதல் 1,500 மில்லிமீற்றர் வரையான மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழி, தை வரை வடகீழ்ப் பருவக்காற்றால் கொட்டித் தீர்கிறது. நிலம் இன்னும் ஊறிக் கிடக்கும் தை, மாசியில்தான் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் வருகின்றன. அணிநடைப் பயிற்சி, இல்லங்களின் கொட்டில்கள், சாமான் ஏற்றிவரும் உழவு இயந்திரம் எல்லாம் ஒரே மாதத்தில் அந்த ஈர நிலத்தின் மேல் விழுகின்றன. காலபோகத்தில் வயல்களெல்லாம் விதைக்கப்பட்டிருப்பதால் மேய்ச்சல் தரை இல்லாமல் அலையும் கட்டாக்காலி மாடுகளும் அதே காலத்தில் மைதானத்துக்குள் இறங்குகின்றன. மாட்டின் குளம்பு சிறியது, உடல் பாரமானது. ஈர நிலத்தில் அது பதிக்கும் குழி ஒவ்வொன்றும் பின்னர் காய்ந்து இறுகிப்போகிறது. மாட்டை விரட்டுவதால் மட்டும் இது தீராது. மேய்ச்சல் தரை இல்லாத மாட்டுக்காரரின் நெருக்கடி உண்மையானது. நிலம் காய்ந்தபின் சில நாட்களை மேய்ச்சலுக்கென்று ஒதுக்கி, மாரி முழுவதும் வேலியை அடைத்து வைப்பதென்று ஊரோடு பேசி முடிவெடுத்தால் இரு தரப்புக்கும் அது நல்லது.

இறுகிய மண்ணைத் திறக்க, துளையிட்டு மண்குச்சிகளை வெளியே எடுக்கும் இயந்திரங்கள் உலகெங்கும் பயன்படுகின்றன. அவை இங்கு எளிதில் கிடைப்பதில்லை. தோட்டத்தில் மண் கிளறும் நாற்பல் முள்ளே போதும்: மண் ஈரலிப்பாக, ஆனால் கையில் ஒட்டாத பதத்தில் இருக்கும்போது, முள்ளை ஒரு சாண் ஆழம் இறக்கிச் சற்றுப் பின்னோக்கி அசைத்து எடுத்து, அரை அடிக்கு ஒன்றாகக் குத்திக்கொண்டு போகலாம். முழு மைதானத்துக்கும் செய்யத் தேவையில்லை. உதைபந்தாட்டக் கம்பக் கோட்டின் முன்புறம், மைதான நடு, ஓட்டப் பாதையின் உள்வளைவு ஆகிய இடங்களே மிக மோசமாக இறுகுகின்றன. குத்திய துளைகளுக்குள் அரித்தெடுத்த மக்கிய கூட்டெருவை மெல்லிய படையாகத் தூவிப் பெருக்கிவிட வேண்டும். மணல் போடச் சொல்பவர்கள் பலர். களிமண்ணில் சிறிதளவு மணல் கலந்தால் அது இன்னும் இறுகும் என்பதோடு, கடற்கரை மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கனகராயன் ஆறு போன்ற ஆறுகளின் வயிற்றைக் கிண்டி மைதானத்துக்கு மணல் கொண்டுவருவதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது; ஒரு புற்றரைக்காக ஆற்றை இழப்பது நியாயமில்லை.

புல்லின் தேர்விலும் பணம் வீணாகிறது. நாற்றுமேடைகளில் விற்கப்படும் மலேசியப் புல் அகன்ற இலையோடு பார்வைக்குக் குளிர்ச்சியானது. நிழலும் ஈரமும் உள்ள வீட்டு முற்றத்துக்கு ஏற்றது. வன்னியின் திறந்த வெயிலில், நீர் நின்ற மறு மாதமே அது கருகிவிடும். உப்பு ஏறும் கரையோர நிலங்களுக்குச் சொய்சியாவையும் கடற்கரையோரம் தானாக வளரும் பாஸ்பாலம் புல்லையும் எண்ணலாம். மற்ற எல்லா இடத்துக்கும் அறுகுதான். 27 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் செழித்து வளர்வது, நீர் இல்லாதபோது மேலே காய்ந்து நிலத்தடித் தண்டில் உயிரைப் பிடித்து வைத்திருப்பது, மிதிபட்ட இடத்தைப் பக்கத்துக் கொடியால் மூடுவது ஆகிய மூன்றும் சேர்ந்த புல் வேறில்லை. புரட்டாசிக் கடைசியில், முதல் மழையோடு, தண்டுத் துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினால் மார்கழிக்குள் நிலம் மூடிவிடும். அந்தத் தண்டை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். குளக்கட்டின் மண்ணைப் பிடித்து வைத்திருப்பதே அங்குள்ள அறுகு என்பதால் அங்கே கைவைக்கக் கூடாது. கோரை உள்ள காணியிலிருந்து எடுத்தால் வேரிலுள்ள மண்ணை முற்றாகக் கழுவிய பின்பே நட வேண்டும்; இல்லாவிட்டால் கிழங்கையும் சேர்த்தே நடுகிறோம்.

கோரையைப் பற்றி வன்னி விவசாயிக்குப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை என்றாலும், வயலில் அதைக் கையாளும் முறை புற்றரைக்குப் பொருந்தாது. மேலே தெரியும் தாளைப் பிடுங்கும்போது நிலத்தடிக் கிழங்குச் சங்கிலி அறுந்து, அதுவரை உறங்கிக் கிடந்த கிழங்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கின்றன. ஆகவே ஒரு தடவை பிடுங்கிவிட்டு விடுவது, தொடாமல் விடுவதைவிடக் கெடுதலானது. புதிதாக மைதானம் அமைப்பவர்களுக்கு வன்னிக் கோடை ஒரு பெரிய வரம்: ஆனி ஆடியில் நிலத்தை இரு தடவை உழுது கிழங்குகளை மேலே புரட்டி வெயிலிலும் சோளகத்திலும் காயவிட்டால் அவற்றில் பெரும்பகுதி வற்றிச் செத்துவிடும். ஏற்கெனவே புல் உள்ள இடத்தில், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை தவறாமல் வெட்டிக்கொண்டே இருப்பதால் கிழங்கின் சேமிப்பு மெல்ல மெல்லக் குறையும். ஒரு பருவத்தில் முடிகிற வேலை அன்று. நீர் தேங்கும் இடத்தில்தான் கோரை கூட்டமாக நிற்கிறது என்றால், வெட்டுவதற்கு முன் வடிகால் வெட்ட வேண்டும்.

மற்றக் களைகள் மண்ணின் நிலையை வெளிப்படையாகவே காட்டுகின்றன. காற்சட்டையில் குத்தி ஒட்டும் ஒட்டுப்புல் மிதிபட்டு வளமிழந்த இறுகிய நிலத்தில் பெருகும். தொட்டாற்சுருங்கி அவரைக் குடும்பத்தது. வளியிலுள்ள நைதரசனைத் தானே நிலைப்படுத்திக்கொள்வதால், பசளை இல்லாமல் புல் மெலிந்த இடத்தில் அது தழைக்கிறது. நெருஞ்சி வெறும் நிலத்தைத் தேடிப் படரும். நிலத்தோடு ஒட்டிக் கிடப்பதால் புல்வெட்டி அதைத் தீண்டாது. காய் முற்றி முள்ளாவதற்கு முன், மஞ்சள் பூவைக் கண்டவுடன், உழவாரத்தால் ஆணிவேரோடு வெட்டி எடுப்பதே வழி. ஒரு நெருஞ்சிக்கொடி விட்டுச்செல்லும் விதைகள் சில ஆண்டுகள் வரை மண்ணில் உயிரோடு இருக்கும் என்பதால், முதல் ஆண்டில் காட்டும் கண்டிப்புக்குப் பலன் பின்னர்தான் தெரியும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில் இதைவிட அவசரமான களை வேலை வேறெதுவுமில்லை.

பார்த்தீனியம் தனி வகை. 1980களின் இறுதியில் இந்தியப் படையினருக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது வவுனியாவுக்கு வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இன்று வடக்கெங்கும் தெருவோரங்களில் நிற்கிறது. அடர்ந்த புல்லுக்குள் அதனால் நுழைய முடியாது. வேலியோரம், குப்பை போடும் மூலை, கட்டட வேலைக்குக் கொட்டிய மண் ஆகியவற்றிலிருந்தே உள்ளே வருகிறது. ஒரே செடி ஆயிரக்கணக்கான விதை தருவதால் பூப்பதற்கு முன் பிடுங்க வேண்டும். தோலில் அரிப்பையும் மூச்சு இழுப்பையும் ஏற்படுத்தும் செடி என்பதால், சிரமதானம் என்ற பெயரில் மாணவர்களை வெறுங்கையோடு அதைப் பிடுங்கவிடுவது பெரிய தவறு. கையுறையும் முகக்கவசமும் அணிந்த பெரியவர்களே செய்ய வேண்டும்.

நோய்களுக்கு வருவோம். அறுகுக்கு வரும் பங்கசு நோய்களிற் பல, வயலில் நாம் காணும் நோய்களுக்கு உறவினவே. நெல்லின் இலையுறையைக் கருக்கும் ரைசொக்டோனியா பங்கசு, புற்றரையில் ஓரடி முதல் ஒரு யார் வரை அகலமான கபில வட்டங்களை உண்டாக்குகிறது. வட்டத்தின் ஓரத்துப் புல்லைப் பிடித்திழுத்தால் அடியில் அழுகிய இலை எளிதாகக் கழன்று வரும். நெல்லில் கபிலப் புள்ளியை உண்டாக்கும் பங்கசின் இனத்தைச் சேர்ந்த இன்னொன்று அறுகின் இலையில் கருஞ்சிவப்புப் புள்ளிகளை இடுகிறது. வயலில் போலவே இங்கும் பொட்டாசியம் குறைந்த, சத்தற்ற நிலத்தில்தான் அது கடுமையாகும். தை, மாசியில் இரவு முழுவதும் பனி இறங்கி இலை பத்து மணித்தியாலத்துக்கு மேல் நனைந்திருக்கும் காலத்தில், நாணயமளவு வெளிறிய வட்டங்களும், சப்பாத்தில் செம்மஞ்சள் தூளாக ஒட்டும் துரு நோயும் தோன்றும். இவையிரண்டும் நைதரசன் குறைந்த புல்லை நாடுகின்றன. ரைசொக்டோனியாவோ நைதரசன் மிதமிஞ்சியதை நாடுகிறது. ஆகவே புல் மஞ்சளடிக்கிறது என்று கண்டவுடன் யூரியாவை அள்ளி வீசுவது ஒரு நோயைத் தணித்து மற்றொன்றை அழைப்பதாகிவிடும். மார்கழி மழையில் நீர் நிற்கும் தாழ்வுகளிலும் சில்லுத் தடங்களிலும் புல் எண்ணெய் பூசியதுபோல் கறுத்துச் சரிந்தால் அது பித்தியம் என்னும் அழுகல் நோய்; வடிகால் இல்லாத இடத்தில் எந்த மருந்தும் அதை நிறுத்தாது.

அறுகில் அங்கங்கே வெண்மையான, குட்டையான, புதர்போல் நெருங்கிய கொத்துகள் தென்பட்டால் அதைப் பங்கசு என்று எண்ணிவிடக் கூடாது. பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் வரும் வெண்ணிலை நோய் அது. சாறு உறிஞ்சும் தத்திப் பூச்சிகள் பரப்புகின்றன. குணப்படுத்தும் மருந்து கிடையாது. கொத்தைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி எடுத்து அழித்துவிட்டு, நல்ல இடத்துத் தண்டை அங்கே ஊன்ற வேண்டும்.

காளான்கள் வட்டமாக முளைத்து, அந்த வட்டத்தில் புல் கரும்பச்சையாகவோ காய்ந்தோ இருப்பதும் உண்டு. பாலையும் முதிரையும் நின்ற காட்டைத் தள்ளி அடிக்கட்டைகளை மண்ணுக்குள்ளேயே புதைத்த மைதானங்களில் இது எதிர்பார்க்க வேண்டியதே. கட்டை உக்கிய இடத்தில் நிலம் தாழ்வதும் கறையான் புற்று எழுவதும் தொடரும். கட்டையைத் தோண்டி எடுத்து நல்ல மண் நிரப்புவது ஒன்றே தீர்வு.

பங்கசுநாசினி தெளிக்க வேண்டிய நிலை வன்னியின் பாடசாலை மைதானத்தில் மிக அரிது. அறுகு தானே மீளும். மீளுமளவுக்கு மிதியை நிறுத்தி வைத்தால் போதும். நீர் பாய்ச்சுவதை மாலையிலிருந்து விடிகாலைக்கு மாற்றுவது இலை நனைந்திருக்கும் நேரத்தைக் குறைக்கும். பசளைக்கும் கணக்கு உண்டு. 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்ட உதைபந்தாட்ட மைதானத்தின் பரப்பு 7,140 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 2.5 கிராம் நைதரசன் என்ற மிதமான அளவுக்கு ஏறத்தாழ 39 கிலோகிராம் யூரியா வேண்டும். அதாவது 50 கிலோ மூடை ஒன்றுக்கும் குறைவு. அதை மழை இடைவெளிகளில், ஐப்பசியில் ஒரு தடவையும் தைக் கடைசியில் ஒரு தடவையும் இடுவது நல்லது. இரசாயனப் பசளை இறக்குமதி 2021இல் திடீரென நிறுத்தப்பட்டபோது வயல்கள் பட்ட பாட்டை வன்னி மறக்கவில்லை. மைதானத்துக்கு மாட்டெருவையும் கூட்டெருவையும் முதன்மையாக வைத்து யூரியாவைத் துணையாகக் கொள்வது அந்த வகையிலும் பாதுகாப்பானது. மக்காத மாட்டெருவில் களை விதை உயிரோடிருக்கும் என்பதால் நன்கு உக்கியதையே போட வேண்டும். அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது; விவசாயப் போதனாசிரியர்களும் ஊரில் இருக்கிறார்கள். மண் பரிசோதனை பற்றி அவர்களிடம் கேட்காமல் பசளை வாங்குவதற்குக் காரணமேயில்லை.

களைநாசினியில் கிளைபோசேட்டைப் பற்றியே அதிகம் கேட்கிறார்கள். 2015இல் தடைசெய்யப்பட்டு 2022இல் தடை நீக்கப்பட்ட அந்த மருந்து பச்சையான எதையும் பேதமின்றிக் கொல்லும். களையோடு அறுகும் போய், வெறுமையான அந்த இடத்தில் முதலில் முளைப்பவை மீண்டும் களைகளே. நெல்வயலுக்கு வாங்கிய எம்சிபிஏ அகன்ற இலைக் களைகளைக் கொன்று அறுகை விட்டுவைக்கும் என்பது உண்மை. கோரையின் தாளை அது கருக்கினாலும் கிழங்கைத் தீர்த்துக்கட்டாது. ஆனால் வயலுக்குப் பதிவு செய்யப்பட்ட மருந்தைப் பிள்ளைகள் விழுந்து புரளும் நிலத்தில், வயலின் அளவில் தெளிப்பது பொறுப்பற்ற செயல். உழவாரமும் நான்கு பேரின் ஒரு நாள் உழைப்பும் அதைவிட நன்றாகவே வேலை செய்யும்.

வெட்டும் உயரத்தைச் சொல்லாமல் விட முடியாது. மாரியில் முழங்கால் வரை வளரவிட்டு, போட்டிக்கு முதல் வாரம் தோளில் மாட்டும் புல்வெட்டியால் மண் தெரிய வழிப்பது, புல்லின் வேரைச் சுருக்கி, களை விதைக்கு வெளிச்சத்தைத் திறந்துவிடுகிறது. ஒரே வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை நிறுத்தி அடிக்கடி வெட்ட வேண்டும். கோடை நெருங்க அதைச் சற்று உயர்த்தலாம்.

இறுதியாக, கோடை நீர். வாரத்துக்கு 20 மில்லிமீற்றர் என்று வைத்தாலும் ஒரு முழு மைதானத்துக்கு ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் லீற்றருக்கு மேல் வேண்டும். 6,000 லீற்றர் பவுசரில் அது 24 தடவை. குடிநீருக்கே பவுசரை எதிர்பார்க்கும் கிராமங்கள் உள்ள இடத்தில் இதைக் கேட்கவும் கூடாது. அறுகைக் காயவிடலாம், அது உறங்குமே தவிர இறக்காது. உறங்கும் புல்லின் மேல் தொடர்ந்து ஓடினால்தான் அது இறக்கும், ஏனென்றால் நசுங்கியதை மூட அப்போது அதற்கு வளர்ச்சி இல்லை. ஆகவே ஆனியிலிருந்து புரட்டாசி வரை கம்பங்களைக் குறுக்கே மாற்றி நட்டு, பயிற்சியைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, கம்பத்தின் முன்புறத்துக்கும் மைதான நடுவுக்கும் மட்டும் கிணற்றுநீர் விட்டால் போதும். அந்த நீரை ஆவணி விடுமுறையில் யார் இறைப்பது என்பதே பெரும்பாலும் விடையில்லாத கேள்வி. புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் புல் பதிப்பதற்கும் பெயர்ப்பலகைக்கும் மனமுவந்து பணம் அனுப்புகிறார்கள். அதில் ஒரு பங்கைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் வைப்பிலிட்டு, பம்பியின் மின்கட்டணத்துக்கும் ஊர்க்காரர் ஒருவரின் மாதக் கூலிக்கும் ஒதுக்குமாறு பாடசாலைகள் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.